பையில் மாட்டுகிற பிஎம் 2.5 மீட்டர்: வேலூரில் யாராவது பயன்படுத்துகிறீர்களா? எண்கள் குழப்புகின்றன

தொரப்பாடி அப்பா:

வணக்கம். நான் தொரப்பாடி. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஷூ அப்பர் தைக்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், தினமும் வண்டியில்தான் போய்வருகிறேன். மகளுக்கு 7 வயது. இரண்டு வருஷமாக வீசிங். மழை முடிந்து பனி இறங்க ஆரம்பித்தால் மாசத்துக்கு இரண்டு தடவையாவது நெபுலைசர் வைக்க ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் "புகை, தூசி படாம பாத்துக்கோங்க" என்கிறார். பார்த்துக்கொள்ளத்தான் ஆசை, ஆனால் எந்தப் புகை, எங்கே, எந்த நேரத்தில் என்று தெரிய வேண்டாமா?

அதனால் போன மாசம் ஆன்லைனில் உள்ளங்கை அகல மீட்டர் ஒன்று 4 ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். லேசர் சென்சார், உள்ளே குட்டி ஃபேன், திரையில் பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதக்கிற ரொம்பப் பொடித் துகள், எவ்வளவு மைக்ரோகிராம் என்று வருகிறது. ஒரு வாரம் போகிற இடமெல்லாம் எடுத்துப்போனேன். மதியம் பால்கனியில் 40, 45. அதே நேரம் அரசின் காற்று மாசு ஆப்பான சமீரில் வசந்தபுரம் நிலையம் 62 என்று காட்டுகிறது, அப்படியென்றால் என் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்று நினைத்தேன். கிரீன் சர்க்கிள் சிக்னலில் 160, பக்கத்தில் ஒரு பழைய லாரி நின்றபோது 210. சரி, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மார்கழிக் காலை 6 மணிக்கு மொட்டை மாடியில் 190! சுற்றிலும் ஒரு புகையும் இல்லை, வெறும் பனிமூட்டம். இதைவிடக் குழப்பம், ராத்திரி மகள் தூங்குகிற ரூமில் 120, 130 என்று நிற்கிறது. ஜன்னல் எல்லாம் அடைத்துத்தான் இருக்கிறது, கொசுவத்தி மட்டும் கட்டிலுக்குக் கீழே ஒரு ஓரமாக.

மீட்டர் கெட்டதா, நான் பார்க்கிற விதம் தப்பா? ஷேர் ஆட்டோவில்தான் அவள் ஆபீசர்ஸ் லைன் பக்கம் பள்ளிக்குப் போகிறாள், பள்ளியை மாற்றலாமா என்று வீட்டில் ஒரே பேச்சு. மாமியார் வீடு ஒடுகத்தூர், அங்கேயே போய்விடலாம் என்றுகூட மனைவி சொல்கிறாள். அவ்வளவு பெரிய முடிவை இந்தச் சின்ன டப்பாவை நம்பி எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி சர்க்யூட்:

சார், மீட்டர் கெடவில்லை. மூன்று விஷயம் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது.

முதலில் அந்த 62. சமீரில் பெரிதாக வருவது ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு, அது மைக்ரோகிராம் இல்லை. நம் நாட்டுக் கணக்கில் காற்றில் பிஎம் 2.5 ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் ஏக்யூஐ 100. 90 இருந்தால் 200, 120 இருந்தால் 300. அப்படிப் பார்த்தால், அந்த 62 பிஎம் 2.5ஆல் வந்தது என்றால், சுமார் 37 மைக்ரோகிராம். அதுவும் 24 மணி நேரச் சராசரி, நீங்கள் பால்கனியில் நின்ற அந்த நிமிஷத்தின் அளவு இல்லை. உங்கள் 40, 45 அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, கவலையே வேண்டாம். இன்னொன்று, போனில் வேறு வெதர் ஆப் வைத்திருந்தால் அதில் அமெரிக்கக் கணக்கில் ஏக்யூஐ வரலாம். அங்கே 35 மைக்ரோகிராமிலேயே 100ஐத் தொட்டுவிடும். ஒரே காற்றுக்கு மூன்று ஆப்பில் மூன்று எண் வருவது இதனால்தான். எப்போதும் மைக்ரோகிராமோடு மைக்ரோகிராமை மட்டும் வைத்துப் பாருங்கள்.

அடுத்து அந்தப் பனிமூட்டம். இந்த விலைக்கு வருகிற எந்த மீட்டரும் துகளை எடை போடுவதில்லை. ஃபேன் காற்றை இழுக்கும், லேசர் ஒளி குறுக்கே போகும், துகள் பட்டுச் சிதறுகிற வெளிச்சத்தை வைத்து எடையை ஊகிக்கும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் காற்றில் இருக்கிற துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடுகின்றன, பனித்துளியும் கூடச் சேர்கிறது. லேசருக்கு எல்லாம் பெரிய துகளாகத்தான் தெரியும். அரசு நிலையங்களில் பெரும்பாலும் பீட்டா கதிர் கருவி வைத்திருப்பார்கள், அதில் காற்று இறங்குகிற குழாயையே சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் அளப்பார்கள். நம் டப்பாவில் அது கிடையாது. ஆனால் ஒன்று, 190 முழுக்கப் பொய் என்றும் ஒதுக்கிவிடாதீர்கள். நம்ம ஊர் சுற்றிலும் மலை, குளிர்ந்த காலையில் காற்று அசையாமல் கீழேயே தங்கிவிடும், ராத்திரி எரித்த குப்பைப் புகையும் அடுப்புப் புகையும் அதிலேயே மிதக்கும். வெயில் ஏறி 9, 10 மணிக்கு அதே மாடியில் பாருங்கள். 60க்கு இறங்கியிருந்தால், காலையில் வந்ததில் ஒரு பங்கு பனி, ஒரு பங்கு புகை.

மீட்டரை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். பைக்குள் போடாதீர்கள், பைக்குள் இருக்கிற காற்றைத்தான் அளக்கும். பையின் தோள் வாரில், மூக்கிலிருந்து ஒரு சாண் இரண்டு சாண் தூரத்தில், காற்று இழுக்கிற வாய் கீழே பார்த்த மாதிரி. வண்டி ஹேண்டில்பாரில் கட்டினால் எதிர்க்காற்று அந்தச் சின்ன ஃபேனைக் குழப்பும், வெயில் நேராக உள்ளே அடித்தாலும் லேசர் பக்கம் தப்பு வரும். மற்றபடி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கேமரா கடையில் கிடைக்கிற ரப்பர் புளோயரால் ஊதிவிடுங்கள். நான் ஒன்றைத் திறந்து பார்த்தேன், ஃபேன் இறக்கையில் நூல் நூலாக அழுக்கு சுற்றிக்கொண்டு பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அளவும் பாதிதான் வந்தது.

பிஎம் 10 என்று இன்னொரு எண் காட்டுமே, அதைக் கண்டுகொள்ளாதீர்கள். இந்தச் சென்சார்கள் கனமான மண் தூசியைப் பிடிப்பதே இல்லை, சின்னத் துகளை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு எண்ணைக் காட்டும். கிரஷர் பக்கத்தில் கண் திறக்க முடியாமல் நின்றேன், மீட்டர் ஒன்றுமே இல்லாத மாதிரி காட்டியது.

ஆற்காடு பாய்:

நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 4 ஆயிரம் ரூபாய் சாமானை நம்பி வீடு மாற்றுவதா? லட்சக்கணக்கில் விலை போகிற கருவி வைத்து அளக்கிற அரசு நிலையம் இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும். நானும் ஒன்று வாங்கி இரண்டு மாசம் அதையே பார்த்துப் பார்த்துத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

முன்னாள் களப்பணி, பாகாயம்:

பாய், தூக்கம் போனது எனக்கும் புரிகிறது. ஆனால் நிலையம் வசந்தபுரத்துக் காற்றைச் சொல்லும். தொரப்பாடியில் ஒரு பெண்குழந்தை கதவடைத்த ரூமில் 9 மணி நேரம் எதை சுவாசிக்கிறாள் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆளோடு கூடவே போகிற கருவி வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் அலைவதே இதற்காகத்தான்.

நான் சில வருஷம் முன்னால் ஒரு ஆய்வில் களப்பணியாளராக இருந்தேன். அணைக்கட்டு பக்கத்துக் கிராமங்களில் விறகடுப்பில் சமைக்கிற பெண்களுக்கு ஒரு மேல்சட்டை மாதிரி தைத்துக் கொடுப்போம், அதன் பையில் பம்ப், கழுத்துப் பக்கத்தில் காற்று இழுக்கிற வாய், உள்ளே ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை ஃபில்டர். 24 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். மறுநாள் போய்க் கழற்றினால் பால் மாதிரி போன ஃபில்டர் டீக்கறை நிறத்தில் இருக்கும், சில வீட்டில் கரியே அப்பியிருக்கும். அந்த அக்காக்களிடம் காட்டுவேன். ஒருத்தர் ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு "இவ்ளோவும் எனக்குள்ள போச்சா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்னும் மறக்கவில்லை. அந்த ஃபில்டரை முன்னும் பின்னும் எடை போட்டுத்தான் கணக்கு வரும், அதுதான் உண்மையான அளவு. உங்கள் மீட்டர் அவ்வளவு துல்லியம் கிடையாது, ஆனால் எந்த நிமிஷத்தில் ஏறியது என்று சொல்லும். ஃபில்டருக்கு அது தெரியாது, ஒரு நாளுக்கு ஒரே எண்தான்.

இங்கே ஒரு பெரிய சிக்கல் உண்டு. அந்தச் சட்டையைக் குளிக்கப் போகும்போது ஆணியில் மாட்டுவார்கள், அப்புறம் மாட்டின இடத்திலேயே இருக்கும். கருவிக்குள் ஆட்டத்தை உணர்கிற சென்சார் இருந்ததால்தான் நாலு மணி நேரம் அசையவே இல்லை என்று கண்டுபிடிப்போம். உங்கள் மகளுக்கும் அதே கதைதான், பை வகுப்பில் ஒரு மூலையில் இருக்கும், அவள் மைதானத்தில் இருப்பாள். அதனால் மீட்டரோடு கூட ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்கு எங்கே, என்ன எரிந்தது, என்ன வறுத்தார்கள், ஜன்னல் திறந்ததா. நோட்டு இல்லாத மீட்டரால் பயம்தான் மிஞ்சும், பாய்க்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொல்லாத இடங்களுக்கு நான் உத்தேசமாகப் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் அளந்து திருத்திக்கொள்ளுங்கள். பள்ளியில் 7 மணி நேரம், 35. வீட்டில் சாயந்திரமும் காலையுமாக 5 மணி நேரம், 45. சமையலறை, ஊதுபத்தி, சாம்பிராணி நேரம் ஒரு மணி, 110. ஆட்டோ போக வர ஒரு மணி, 90. வெளியே விளையாட்டு ஒரு மணி, 50. தூக்கம் 9 மணி நேரம், 130. ஒவ்வொன்றையும் நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் 1890, அதை 24ஆல் வகுத்தால் சுமார் 79 மைக்ரோகிராம். நம் நாட்டுத் தரம் ஒரு நாளுக்கு 60, உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15.

இப்போது ஆட்டோவில் ஒரு துகள்கூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 79, 75 ஆகும். அவ்வளவுதான். அதற்குப் பதில் ராத்திரி ரூமில் 130, 40 ஆனால்? மொத்தம் 45க்கு இறங்கிவிடும். கிரீன் சர்க்கிள் 210 பார்த்ததும் நெஞ்சு பதறும், யாருக்கும் பதறும். ஆனால் அங்கே நிற்பது இரண்டு நிமிஷம். கட்டிலுக்குக் கீழே இருப்பது 9 மணி நேரம், அதுவும் கதவடைத்து.

2003இல் வந்த ஒரு ஆய்வில் சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளை எரித்து அளந்தார்கள். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவிடுகிற பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட் வரை புகைத்தால் வருகிற அளவு. நம் கடையில் இருக்கிற பிராண்டு அப்படியே அதே அளவு என்று நான் சொல்லவில்லை, ஆனால் குழந்தை தூங்குகிற ரூமில் வைக்கிற பொருள் இல்லை அது. பள்ளியை மாற்றுவதை அப்புறம் பாருங்கள், இன்றைக்கு ராத்திரியே கொசுவத்தியை வெளியே எடுங்கள்.

ஒடுகத்தூர் பற்றியும் ஒரு வார்த்தை. கிராமத்துக் காற்று சுத்தம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அங்கே எந்த அடுப்பு என்று கேளுங்கள். ஹாப்பின் என்று நாலு நாட்டில், அதில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும், கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. விறகு போன்றவற்றிலேயே சமைத்த பெண்கள் ஒரு நாளில் சுவாசித்த காற்றில் பிஎம் 2.5 நடுவளவாகக் கன மீட்டருக்கு சுமார் 70 மைக்ரோகிராம், கேஸ் அடுப்பு கொடுக்கப்பட்டவர்களுக்கு சுமார் 24. வயலும் மலையும் பக்கத்தில் இருந்தால் போதாது, அடுப்பைப் பார்க்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் மீட்டரைப் பார்த்து எதையும் கூட்டிக் குறைக்காதீர்கள். இன்ஹேலர் டாக்டர் சொன்னபடியே போகட்டும். நோட்டை அவரிடம் காட்டுங்கள், அது அவருக்கு உதவும்.

காட்பாடி சர்க்யூட்:

பாகாயம் மேடம் சொன்னதோடு ஒன்று மட்டும். கொசுவத்திப் புகைத் துகள் ரொம்பப் பொடி, 0.3 மைக்ரானுக்குக் கீழே இருக்கிறதை இந்த லேசர் சரியாகப் பார்க்காது. பார்க்கிறதையும் புகை என்றால் கூட்டிக் காட்டுகிற பழக்கம் உண்டு. ஆகவே 130 என்பது நிஜத்தில் 70 ஆகவும் இருக்கலாம். ஆனால் அதே ரூம், அதே மீட்டர், அதே இடம் என்று வைத்து ஒரு ராத்திரியை இன்னொரு ராத்திரியோடு ஒப்பிட்டால் தப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், வித்தியாசத்தை நம்பலாம். என்னிடம் இரண்டு மீட்டர் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்பாடி வாருங்கள், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்தால் உங்களுடையது எவ்வளவு கூட்டுகிறது குறைக்கிறது என்று தெரிந்துவிடும்.

லட்சுமி, சத்துவாச்சாரி:

தம்பி, கொசுவத்தியை எடு என்று சொல்வது சுலபம். டெங்கு சீசனில் குழந்தையைக் கொசுவுக்குக் கொடுக்க முடியுமா? எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது, ஜன்னலுக்கு வெல்குரோ ஒட்டுகிற வலை, கட்டிலுக்குக் கொசுவலை. வலைக்குள் புழுக்கம் என்று என் பையன் அழுதான், சீலிங் ஃபேனோடு ஒரு டேபிள் ஃபேனும் வைத்த பிறகு சரியானது. சாயந்திரம் 5 மணிக்கே ஜன்னலை மூடி, இருட்டினதும் திறப்போம். பிளக்கில் மாட்டுகிற லிக்விட் பாட்டிலில் புகை இல்லை, மீட்டரில் ஏறாது, ஆனால் மருந்து காற்றில் இருக்கத்தான் செய்யும். வீசிங் பிள்ளைக்கு அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

இன்னொன்று, விடிகாலையில் பக்கத்து வீடுகளில் வெந்நீர் அடுப்பு எரிகிறதா பார். எங்கள் தெருவில் வேர்க்கடலைத் தோலும் தேங்காய் மட்டையும் போட்டுத்தான் எரிப்பார்கள். அதோடு தெருக்கூட்டுகிறவர்கள் சருகைக் குவித்துக் கொளுத்துவதும் அதே நேரம். திடக்கழிவு விதிப்படி அப்படிக் கொளுத்தக் கூடாது. சண்டை போடாமல், துப்புரவு மேஸ்திரியிடம் தினமும் நேரத்தோடு சொன்னேன், எங்கள் தெருவில் நின்றது.

தொரப்பாடி அப்பா:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

லட்சுமி அக்கா சொன்ன மாதிரி அன்றைக்கே கொசுவலை வாங்கினேன், ஜன்னல் வலை ஒட்ட இரண்டு நாள் பிடித்தது. மீட்டரை மகள் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில், தினமும் அதே இடத்தில் வைத்தேன். கொசுவத்தி இருந்த மூன்று ராத்திரி சராசரி 124, 131, 118. எடுத்த பிறகு 46, 41, 50. எனக்கே நம்பிக்கை வராமல் ஒரு நாள் மறுபடி வைத்துப் பார்க்கலாமா என்று தோன்றியது, மனைவி திட்டினாள், விட்டுவிட்டேன்.

ஆனால் நாலாவது ராத்திரி சராசரி 70 வந்தது. நிமிஷக் கணக்கைத் திறந்து பார்த்தால் ராத்திரி முழுக்க 45, விடிகாலை 4.40க்கு மேல் திடீரென்று 200ஐத் தாண்டி, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் இறங்குகிறது. மறுநாள் அலாரம் வைத்து எழுந்தேன். பின்பக்கத்து வீட்டு ஆயா வெந்நீர் அடுப்பு பற்றவைக்கிறார், எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, பத்தடி தூரம். விறகு பிடிக்க பால் கவரையும் பிளாஸ்டிக் பையையும் சொருகுகிறார். அந்த வாசனைக்குத்தான் மகள் விடிகாலையில் இருமி எழுந்துகொள்கிறாள் போலிருக்கிறது, இத்தனை நாள் பனி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மனைவி போய் மீட்டரை ஆயாவிடமே காட்டினாள். ஆயாவுக்கு எண் புரியவில்லை, ஆனால் "கொழந்தைக்கு இழுக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மா" என்று வருத்தப்பட்டார். இப்போது கவர் போடுவதில்லை, அடுப்பையும் சுவருக்கு அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். அந்த நேரத்தில் நாங்களும் பின் ஜன்னலை மூடிவிடுகிறோம். இப்போது விடிகாலை 80, 90க்கு மேல் போவதில்லை.

மொட்டை மாடியில் காலை 6 மணிக்கும் 9.30க்கும் பார்த்தேன். 175, 68.

பள்ளி மாற்றுகிற பேச்சை நிறுத்திவிட்டோம். ஒடுகத்தூரில் மாமியார் இன்னும் பாதி நாள் விறகில்தான் சமைக்கிறார், பொங்கலுக்குப் போகும்போது மீட்டரையும் நோட்டையும் கொண்டுபோகிறேன். போகியன்று எவ்வளவு வருகிறது என்றும் பார்க்க வேண்டும், அன்றைக்கு மகளைக் காலையில் வெளியே விடப்போவதில்லை. வீசிங் குறைந்ததா என்று பத்து நாளில் சொல்ல முடியாது, நோட்டில் இருமலையும் சேர்த்து எழுதி வருகிறோம், தை மாசம் டாக்டரிடம் காட்டப்போகிறேன்.

காட்பாடி சார், வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வந்தால் சரியாக இருக்குமா? மீட்டரை ஊதித் துடைத்துவிட்டுக் கொண்டுவருகிறேன்.

ஆற்காடு பாய்:

என் மீட்டர் பீரோவில் சும்மா கிடக்கிறது. அம்மா ரூமில் தினமும் சாம்பிராணி போடுவோம், அவருக்கும் மூச்சு வாங்கும். ஞாயிறு நானும் வரலாமா?